கடைவாய்ப் பல்லுக்கு ஒரு கம்பி

உக்காருங்க அண்ணாச்சி, சும்மா உக்காருங்க. துண்டு கெடக்கேன்னு யோசிக்கியளா? அது என் துண்டுதான். மூணு பேரு சீட்டுல நாங்க ரெண்டே பேருதான், நானும் எம் மகளும். சன்னல் ஓரமா மூஞ்சத் திருப்பிக்கிட்டு இருக்கால்லா, அவதான், முத்துஸ்ரீ. ரெண்டு பேருக்கு எதுக்கு மூணு சீட்டுக்கும் சேத்துத் துண்டு போட்டேன்னு கேப்பிய. பின்ன, வெறும் எடமா விட்டா எவனாவது வந்து உக்காருவான். உக்காந்தவன் சும்மா இருப்பானா, கொஞ்சம் தள்ளுங்க, கொஞ்சம் தள்ளுங்கன்னு நம்மளைக் கொண்டுபோயி சன்னல் கம்பியோட ஒட்ட வச்சிருவான். உங்களுக்கு முன்ன ரெண்டு பேரு வந்து கேட்டானுவ. ஆளு வருதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். உங்களைப் பாத்தா வாத்தியாரு மாதிரி தெரிஞ்சுது, சரி பேச்சுத் துணைக்கு ஆவும்னு துண்டை எடுத்துட்டேன்.

தென்காசிக்கா போறிய? நாங்க ஆலங்குளத்துல எறங்கிருவோம். அதுவரைக்கும் பேசிக்கிட்டே போவலாம். அவ பேச மாட்டா. பல் ஆஸ்பத்திரிய விட்டு வெளிய வந்ததுல இருந்து ஒரு வார்த்தை கெடையாது. ஜூஸ் குடிக்கியாட்டின்னேன், ம்ஹும். அல்வா வாங்கித் தாறேன்னேன், ம்ஹும். திருநவேலிக்கு வந்துட்டு அல்வா வேண்டாங்குத பிள்ளையை எங்கயாவது பாத்திருக்கியளா? பிடிவாதம். அப்படியே அவ அம்மா அச்சு.

நமக்கு வாடகைப் பாத்திரக் கடை. சேர்மக்கனி கடைன்னு ஆலங்குளத்துல யாருகிட்ட கேட்டாலும் சொல்லுவாவ. அண்டா, குத்துப்போணி, சேரு, மேசை, பந்தல், எல்லாம் உண்டு. எவர்சில்வரைப் பத்தி எனக்கு ஒருத்தன் பாடம் எடுக்க வேண்டாம். கரண்டியைக் கையில தூக்கிப் பாத்தே அது எந்த ரகம்னு சொல்லிருவேன். இதை எதுக்குச் சொல்லுதேன்னா, இன்னைக்கு என் பொழப்பைக் கெடுத்ததே ஒரு துண்டு எவர்சில்வர் கம்பிதான். நகத்தளவு கம்பி, பாத்துக்கிடுங்க.

இவ ரெண்டாங் கிளாஸ் படிக்கும்போது கீழ் கடைவாய்ல ஒரு பல்லு சொத்தை. பால்பல்லுதான். எங்க வீட்ல உடனே திருநவேலிக்குக் கூட்டிட்டுப் போவணும், பல்லை அடைக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னா. நான்தான் சொன்னேன், ஏளா, கோட்டியா பிடிச்சிருக்கு உனக்கு, விழப்போற பல்லுக்கு எவளாவது அடைப்பு வைப்பாளா, எடுத்து எறியப்போற பந்தலுக்கு எவனாவது சிமிண்டு பூசுவானான்னு. நியாயந்தானே? பொறவு சொத்தை பெருசாயி, கன்னம் வீங்கி, பிள்ளை சோறு திங்காம அழுதா. அது பங்குனி உத்திரம் சமயம், எனக்குக் கடையில நிக்க நேரமில்ல. எங்க வீட்லதான் கூட்டிட்டுப் போனா. பல்லைக் காப்பாத்த முடியாதுன்னு புடுங்கிட்டாவ. நான் அன்னைக்கே சொன்னேன்லா, புடுங்கிருவோம்னு. அதைத்தான் அவ்வளவு படிச்சவங்களும் செஞ்சாவ. ஆனா எங்க வீட்ல அதை ஒத்துக்கிட மாட்டா.

புடுங்கினதோட விட்டிருந்தா ஒரு வம்பும் இல்ல. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி கூட்டிட்டுப் போயி ஒரு கம்பியைப் போட்டுக் கூட்டியாந்துட்டா. எப்படின்னா அண்ணாச்சி, பின்னால இருக்க பல்லுல ஒரு வளையம். மோதிரம் மாதிரி. அந்த வளையத்துல இருந்து ஒரு கம்பி வளைஞ்சு முன்னால இருக்க பல்லை முட்டிக்கிட்டு நிக்கும். நடுவுல என்ன இருக்கு? ஒண்ணுங் கெடையாது. பொட்டல். பல்லு புடுங்கின எடம் அப்படியே திறந்து கெடக்கு. நான் பேட்டரி லைட்டு அடிச்சுப் பாத்துட்டு, ஏளா, கம்பி இருக்கு, பல்லு எங்கன்னு கேட்டேன். பல்லு பொறவு வருமாம். அது வாற வரைக்கும் எடத்தைப் பாத்துக்கிடுத கம்பியாம் இது. கேட்டியளா கதையை? வாயிக்குள்ள வாட்ச்மேன்.

நான் அப்பமும் தடுக்கல. கம்பின்னா அது செய்யுத வேலை எனக்குத் தெரியும்லா. எங்க மைனி மக கம்பி போட்டுத்தான் பல்லுக்கு நடுவுல இருந்த சந்து அடைஞ்சுது. ஊருல எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான். கம்பி போட்டா சந்து அடையணும். சரி, இதுவும் பைய இழுத்து அடைச்சிரும்னு நெனைச்சேன். வாரா வாரம் ஞாயித்துக்கெழமை பிள்ளையை வாசல்ல வெளிச்சத்துல நிறுத்தி, ஆ காட்டுன்னு சொல்லி, தீக்குச்சியை அந்த எடத்துல வச்சு அளப்பேன். நானும் அளக்கேன் அளக்கேன், அந்த எடம் அப்படியே கெடக்கு. ஒரு இம்மி அடையல. பின்பல்லு பின்னால, முன்பல்லு முன்னால, நடுவுல என் தீக்குச்சி ஓடியாடி விளையாடுது.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நம்மளை என்ன கேணப்பயன்னு நெனைச்சுட்டாவளா? பந்தல்காரனுக்குப் பல்லைப் பத்தி என்ன தெரியும்னு ஒரு கம்பியை வச்சு அனுப்பிட்டாவளா? நேரா பஸ்ஸேறிப் போயி டாக்டரம்மா முன்னால நின்னேன். எஸ்தருன்னு பேரு. சின்ன வயசு, நல்ல மாதிரிதான், பொறுமையாப் பேசுவாவ. ஆனா பாருங்க, படிச்சவங்களுக்கு வெளி உலகம் தெரியாது. நான் கேட்டேன், டாக்டரம்மா, மாசக்கணக்கா ஆச்சு, கம்பி போட்டும் சந்து அடையலியேன்னு. அவ்வொ என்னைப் பாத்துச் சிரிக்காவ. அடையலன்னா கம்பி ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம்ங்காவ.

எங்கயாவது உண்டா அண்ணாச்சி? காத்தாடி சுத்தலன்னா நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தமா?

பொறவு ஒரு படத்தை லைட்டுல காட்டுனாவ. உள்ள எலும்புக்குள்ள ஒரு பல்லு குத்த வச்சிருக்கு. இதுதான் நெலைச்ச பல்லு, இது மேல வாறதுக்கு இன்னும் மூணு நாலு வருசம் ஆவும், பால்பல்லுதான் அதுவரைக்கும் அதுக்கு எடம் பிடிச்சு வைக்கும், உங்க பிள்ளைக்கு அது முன்னாடியே போயிட்டு, சும்மா விட்டா பின்னால இருக்க பெரிய பல்லு முன்னால நகந்து அந்த எடத்தைப் பிடிச்சிரும், அப்பம் உள்ள இருக்கது வர எடமில்லாம மாட்டிக்கிடும், அதுக்குத்தான் இந்தக் கம்பின்னாவ. நான் அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு நிக்கவும் எனக்குப் புரியலன்னு நெனைச்சுட்டு, அண்ணே, நீங்க பஸ்ல துண்டு போட்டு எடம் பிடிக்கியல்லா, அது மாதிரின்னாவ.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. டாக்டரம்மா, துண்டு போட்டா ஆளு வரணும்லா, மூணு வருசம் கழிச்சு வருத ஆளுக்கு இன்னைக்கே துண்டு போட்டா எந்த கண்டக்டரு விடுவாருன்னு கேட்டேன். அப்புறம் பல்லு நகரும்ங்கியளே, பல்லு என்ன தள்ளுவண்டியா, நகந்து போறதுக்குன்னு கேட்டேன். அவ்வொ கம்பியை மட்டும் கழட்டிராதிய, அப்பப்பம் கூட்டிட்டு வாங்க, பல்லு வந்ததும் நாங்களே எடுத்திருவோம்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாவ. நியாயமான கேள்வி கேட்டா அப்படித்தான், அடுத்த ஆளைக் கூப்பிட்டிருவாவ.

நான் விடுவேனா? எங்க ஊரு பஜார்ல சங்கரலிங்க ஆசாரின்னு ஒருத்தன் இருக்கான். என்கூடப் படிச்சவன். நகை செய்யுததுல கெட்டிக்காரன்னு சொல்ல மாட்டேன், ஆனா கழட்டுததுல மன்னன். வீங்கின வெரல்ல மோதிரம் மாட்டிக்கிட்டா அவன்கிட்டதான் போவணும். காலு வீங்கின பிள்ளத்தாச்சிக்கு மிஞ்சியை வெட்டி எடுக்கணுமா, திருகாணி புண்ணுக்குள்ள போயிட்டா, எல்லாம் அவன்தான். தோலுல கீறல் விழாது. பின்ன வாயில மாட்டின வளையம் மட்டும் என்ன ஒசத்தி? அதுவும் வளையந்தானே? நாங்க எந்த வளையத்துக்கும் ஆசாரிகிட்ட போறவுங்கதான்.

மொதல்ல அவனும் பிகு பண்ணுனான். வாயிக்குள்ள கை வைக்க மாட்டேன்டே, ஆஸ்பத்திரிக்கே போன்னான். நான் அவன் மக கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன், என் பேச்சைத் தட்டுவானா? இவ அழுதா. டாக்டரம்மா கழட்டக் கூடாதுன்னு சொன்னாவப்பா, உள்ள என் பல்லு இருக்குப்பா, அதுக்கு எடம் வேணும்ப்பான்னு கைய வச்சு வாயை மூடிக்கிட்டா. ஏழு வயசுப் பிள்ளை, அந்த டாக்டரம்மா சொன்னதை ஒரு எழுத்து விடாம ஒப்பிக்குதா. ஆஸ்பத்திரிக்காரங்க பிள்ளை மனசை எப்படிக் கெடுத்து வச்சிருக்காவ பாருங்க. உனக்கு டாக்டரம்மாவா சோறு போடுதாவ, வாயைத் தொறட்டின்னு ஒரு அதட்டு அதட்டினேன். தொறந்துட்டா. கொஞ்சம் ரத்தம் வந்துச்சு, உப்புத்தண்ணி வச்சுக் கொப்பளிச்சா நின்னு போச்சு. ஆசாரி அந்தக் கம்பியை உரைச்சுப் பாத்துட்டு, வெள்ளி கூட இல்லடே, எவர்சில்வருன்னான். எனக்கு அது பாத்ததுமே தெரியும்.

இப்பந்தான் கதையே. கம்பியை எடுத்தாச்சு. ஒரு வருசம் போவட்டும்னு பாத்தேன். ஞாயித்துக்கெழமை தீக்குச்சியை வச்சா கொஞ்சம் இறுக்கமாப் போவுது. பொறவு மருந்தில்லாத நுனி மட்டும் போவுது. பொறவு அதுவும் போவல. பின்பல்லு பைய முன்னால வந்து முன்பல்லோட ஒட்டி நிக்கு, கல்லு பாவின மாதிரி. சந்தே இல்ல. ஒரு கம்பியும் இல்லாம, ஒரு டாக்டரும் இல்லாம, அதுபாட்டுக்கு அடைஞ்சிட்டு. அந்தக் கம்பிதான் அடைய விடாம பிடிச்சு வச்சிருந்திருக்கு, பாத்துக்கிடுங்க. நான் எங்க வீட்ல கூப்பிட்டுக் காட்டினேன். ஜெயகனி, பாத்தியா, ஆண்டவன் தானா அடைச்சிட்டான்னேன். அவ வாயைப் பாத்தா, என்னைப் பாத்தா, அடுப்படிக்குப் போயிட்டா. உள்ள அழுவுத சத்தம் கேட்டுச்சு. தோத்துப் போனா பொம்பளையளுக்கு அழுவைதானே.

நான் இதை எனக்குள்ள வச்சுக்கிடல அண்ணாச்சி. சேரு எடுக்க வாறவுங்ககிட்ட எல்லாம் சொல்லுவேன். பிள்ளைக்குக் கம்பி போடச் சொல்லுதாவளா, போட்டுறாதிய, சும்மா விட்டா தானா அடையும், எம் மகளைப் பாருங்கன்னு. மூணு நாலு வீட்டுப் பிள்ளையளைக் காப்பாத்தி விட்டிருக்கேன்.

இல்ல, நீங்க கேக்கது சரிதான். பின்ன எதுக்கு இன்னைக்கு ஆஸ்பத்திரின்னு கேக்கிய. அதுதான் என் நேரம்.

இப்பம் இவ ஆறாங் கிளாஸ். அந்த உள்ள இருந்த பல்லு இப்பம் வந்துட்டு. வந்துச்சே, ஒழுங்கா வந்துச்சா? வரிசைல வரல. உள்பக்கமா, நாக்கு இருக்க பக்கமா மொளைச்சு நிக்கு. உள்ள எடம் கெடைக்காதவன் படியில தொங்கிக்கிட்டு வருவாம்லா, அது மாதிரி. நாக்கு அசைஞ்சா அதுல உரசுது. நாக்கு ஓரம் எல்லாம் புண்ணு. காரம் திங்க முடியல. அது போவட்டும். இவ நல்லா பேசுவா அண்ணாச்சி, பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டின்னா இவதான் மொத ஆளு. அந்த விழாவுக்கு நம்ம கடைச் சேருதான் போவும். என் சேருலயே முன்வரிசைல உக்காந்து எம் மக பேசுததைக் கேப்பேன். அதுல ஒரு சந்தோசம். இந்த வருசம் கிளாஸ்ல பேசிப் பாக்கும்போது நாக்கு தட்டுது, 'ச'வும் 'ர'வும் குழறுது. பிள்ளையள்லாம் சிரிச்சிருக்கு. பேரைக் குடுத்துட்டு, மறுநாளே போயி வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டா. இப்பம் வீட்லயும் கையை வாயில வச்சுக்கிட்டுத்தான் பேசுதா. எல்லாம் அந்தக் கம்பியால வந்த வினை. அன்னைக்கு அதை வைக்காம இருந்திருந்தா பல்லு ஒழுங்கா வந்திருக்கும். வளையத்தை வச்சு அமுக்கி அதுக்குப் பயங் காட்டி விட்டுட்டாவ.

எங்க வீட்ல இன்னைக்குக் கூட வரல. நீங்க கழட்டுனிய, நீங்களே போயி பதில் சொல்லுங்கன்னுட்டா. சொல்லுதேன், எனக்கென்ன பயமா? ஆனா காலையில பஸ்ல வரும்போது யோசிச்சேன். டாக்டருன்னா கொஞ்சம் கோவக்காரங்க. ஆசாரி கழட்டுனான்னு சொன்னா அவங்களுக்கு மரியாதைக் கொறைச்சலா தெரியும். உன் பிள்ளையைப் பாக்க மாட்டேன்னு சொல்லிட்டா யாருக்கு நட்டம்? பிள்ளைக்குத்தானே? அதுக்காகத்தான் இவகிட்ட சொன்னேன். ஏட்டி, கம்பி எங்கன்னு கேட்டா, மிட்டாய் தின்னேன், உடைஞ்சிட்டு, பயந்துக்கிட்டு அப்பாகிட்ட சொல்லல, அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருன்னு. சின்னப் பிள்ளையை யாரு பெருசா ஏசப் போறா? இவ பஸ்ஸு எறங்குதவரைக்கும் சன்னலையே பாத்துக்கிட்டு வந்தா.

அதே டாக்டரம்மாதான். கண்ணாடி போட்டிருக்காவ இப்பம். இவ வாயைப் பாத்தாவ, படம் எடுத்துப் பாத்தாவ. கம்பி எங்கன்னாவ. இவ என்னைப் பாத்தா. நான் மேல ஓடுத காத்தாடியைப் பாத்தேன். பொறவு சொன்னா, நான் சொல்லிக் குடுத்த மாதிரியே சொன்னா. மிட்டாய், உடைஞ்சிட்டு, அப்பாவுக்குத் தெரியாது. அண்ணாச்சி, அந்த டாக்டரம்மாவுக்கு அவ்வளவு கோவம் வரும்னு நான் எதிர்பாக்கல. படிக்குத பிள்ளைதானே நீ, உனக்கு எவ்வளவு சொல்லி அனுப்பினேன், உடைஞ்ச அன்னைக்கே வந்திருந்தா புதுசு போட்டிருப்பேன், உன் பல்லுக்கு இருந்த எடத்தை நீயே கெடுத்துக்கிட்டியேன்னு பிடி பிடின்னு பிடிச்சிட்டாவ. இவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா.

நான் சும்மா நிக்க முடியுமா? நின்னா சந்தேகம் வரும்லா. நானும் சேந்து ரெண்டு ஏச்சு ஏசினேன். பொய்க்காரி, இவ்வளவு நாளா எங்கிட்ட மறைச்சியாட்டின்னு. முதுகுல ஒரு தட்டும் தட்டினேன், லேசாத்தான். டாக்டரம்மாவே விடுங்கண்ணே, பாவம், சின்னப் பிள்ளைன்னு என் கையைத் தடுத்தாவ. வேலையை விட்டுட்டு இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்திருக்காரு உங்கப்பா, இனிமேயாவது அவருகிட்ட மறைக்காதன்னு இவகிட்ட சொன்னாவ. எனக்கே கண்ணு கலங்கிட்டு.

வைத்தியமா? பெரிய வைத்தியம். முன்னால வந்த அந்தப் பெரிய பல்லைப் பின்னால தள்ளணுமாம். அதுக்கு வாய் முழுக்கக் கம்பி போடணுமாம், வருசக்கணக்கா ஆவுமாம். அப்படியும் எடம் பத்தலன்னா ஒரு நல்ல பல்லை எடுக்க வேண்டி வரலாமாம். அது நெலைச்ச பல்லு, எடுத்தா மறுபடி மொளைக்காது. ஒரு கம்பியை எடுத்ததுக்கு வாய் முழுக்கக் கம்பியாம். நான் யோசிச்சுச் சொல்லுதேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஆசாரிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடணும்.

அதுல இருந்துதான் இந்த ஊமை வேசம். என்னைத் திரும்பியே பாக்க மாட்டேங்கா. டாக்டரம்மா ஏசினதுக்கு எம் மேல என்ன கோவம்? நல்லதுக்குத்தானே சொன்னேன்.

என்னது, நீங்க கேக்கியளா? கேளுங்க, கேளுங்க. உங்ககிட்டயும் பேச மாட்டா, இருந்தாலும் கேட்டுப் பாருங்க. ஏட்டி முத்துஸ்ரீ, மாமா கேக்காவல்லா, வலிக்கான்னு. இந்தப் பக்கம் திரும்பு.

பாருங்களேன், திரும்பிட்டா. கையை வேற எடுத்துட்டா வாயில இருந்து.

"வலிக்கி மாமா. எல்லாம் என்னாலதான். நான்தான் மிட்டாய் தின்னு கம்பியை உடைச்சிட்டேன். பயந்துக்கிட்டு அப்பாகிட்ட சொல்லல. அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது மாமா."

கேட்டியளா அண்ணாச்சி? இவ்வளவு நேரமும் பக்கத்துலதான் இருந்தா, நான் உங்ககிட்ட சொன்னது அம்புட்டும் அவ காதுல விழுந்திருக்கும். அப்படி இருந்தும் நான் சொல்லிக் குடுத்ததுல ஒரு வார்த்தை மாத்தல பாருங்க. நீங்க ஏன் ஒரு மாதிரி இருக்கிய? எவ்வளவு ஏச்சு வாங்கினாலும் பெத்த தகப்பனை விட்டுக் குடுக்காது எம் பிள்ளை. எல்லாம் நான் வளத்த வளப்பு.